வெண்டைக்காய் சூப்ல அந்த வழவழப்பு இருக்கணும், அதை விரட்டாதீங்க

தங்கச்சி, நீங்க கேட்டதை மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கற மத்தவங்களுக்கும் புரியும். ஒங்க ஆபிஸ்ல கூட வேலை பாக்கற நைஜீரியாக்காரப் பொண்ணு ஒரு நாள் வெண்டைக்காய் சூப் கொண்டு வந்து குடுத்திருக்காங்க, செவப்பு எண்ணெய் மெதக்க, கருவாட்டு வாசனையோட, நல்ல காரமா. ஒங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போய் வீட்ல செஞ்சு பாத்தீங்க. வெண்டைக்காயை எண்ணெய்ல சுருள வதக்கி, தக்காளி போட்டு, கொஞ்சம் புளித்தண்ணி ஊத்தி, அரை மணி நேரம் கொதிக்க விட்டீங்க, கடைசில பாத்தா நம்ம வெண்டைக்காய் புளிக்குழம்பு மாதிரியே வந்து நிக்குது. எங்க தப்பு பண்ணேன்னு கேக்கறீங்க.

ஒங்க கைப்பக்குவத்துல ஒரு குறையும் இல்லம்மா. நீங்க செஞ்ச ஒவ்வொண்ணும் நம்ம அம்மா, பாட்டி எல்லாம் சொல்லிக் குடுத்ததுதான், கழுவிட்டு துணியால தொடச்சு காய வெச்சு நறுக்கணும், நல்லா வதக்கணும், புளி சேக்கணும், கொஞ்சம் மோராவது தெளிக்கணும், இதெல்லாம் எதுக்கு? வெண்டைக்காயோட அந்த வழவழப்பு போகறதுக்கு. நம்ம சமையல்ல அது இருந்தா சமைக்கத் தெரியாதவன்னு பேரு. அவங்க சமையல்ல அது இல்லன்னா சூப்பே இல்ல. நூல் நூலா இழுக்கணும், கரண்டியைத் தூக்குனா தொங்கணும். நைஜீரியால இந்த வகை சூப்புக்கு இங்கிலீஷ்லயே ட்ரா சூப்புன்னுதான் பேரு, இழுக்கற சூப்பு. இந்த ஒண்ணை மனசுல வாங்கிக்கிட்டீங்கன்னா மத்ததெல்லாம் தானா வந்துடும்.

எனக்கு இது எப்படித் தெரியும்னா, நாங்க கோலாலம்பூர் செத்தாப்பாக்ல ஃப்ளாட்ல இருந்தப்ப பக்கத்து வீட்ல நாலு வருஷம் ஒரு நைஜீரியாக் குடும்பம் இருந்துச்சு, இக்போ ஆளுங்க, நைஜீரியாவோட கெழக்குப் பக்கத்து இனம், வீட்டுக்காரர் இங்க படிக்க வந்தவரு. அந்த அக்காவும் நானும் சாயங்காலம் ஆனா காரிடார்ல உக்காந்து ஒண்ணா காய் நறுக்குவோம். அவங்க என்கிட்ட ரசம் கத்துக்கிட்டாங்க, நான் அவங்ககிட்ட இந்த சூப்பை. மொத தடவ அவங்க செய்யறதைப் பக்கத்துல நின்னு பாத்தப்ப எனக்கு கையெல்லாம் பரபரத்துச்சு, ஏன்னா வெண்டைக்காயைக் காரட் சீவுற மாதிரி துருவிட்டு இருந்தாங்க, கிண்ணம் முழுக்க பச்சையா கொழகொழன்னு முட்டை வெள்ளைக்கரு மாதிரி இருக்கு, நான் "அக்கா வீணாப் போச்சே"ன்னு கத்திட்டேன். அவங்க அந்தக் கிண்ணத்துல ஒரு ஸ்பூனை வுட்டுத் தூக்கிக் காட்டுனாங்க, ஒரு முழம் நூல் வந்துச்சு, அவங்க மொகத்துல அப்படி ஒரு திருப்தி.

அந்த வழவழப்பு என்னன்னு கொஞ்சம் சொல்லிடறேன், அது தெரிஞ்சா எப்ப என்ன செய்யணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். வெண்டை, செம்பருத்தி, பருத்தி எல்லாம் ஒரே குடும்பம். செம்பருத்தி எலையைக் கசக்கித் தலைக்குத் தேச்சிருப்பீங்களே, அந்தக் கொழகொழப்பும் இந்தக் கொழகொழப்பும் சொந்தக்காரங்கதான். காய்க்குள்ள இருக்கற ஒரு வகை சர்க்கரைச் சங்கிலி அது, நறுக்கும்போது வெளிய வரும், தண்ணி பட்டா கரைஞ்சு கெட்டியாகும். அதனால எவ்ளோ பொடியா நறுக்கறீங்களோ, துருவறீங்களோ, இடிக்கறீங்களோ அவ்ளோ நூல் வரும். புளி, தக்காளி, எலுமிச்சை மாதிரி புளிப்பு எது பட்டாலும் அது நீத்துப் போயிடும். எண்ணெய்ல வதக்கனா தண்ணி வத்தி அது காஞ்சு போயிடும். ரொம்ப நேரம் கொதிச்சாலும் ஒடைஞ்சு போயிடும். பாருங்க, நீங்க புளி ஊத்துனீங்க, வதக்குனீங்க, அரை மணி நேரம் கொதிக்க வெச்சீங்க, மூணு வழியிலயும் அதைத் தொரத்தி விட்டுட்டீங்க.

புளிப்புக்கு நேர் எதிரா, காரத்தன்மை இருந்தா வழவழப்பு கூடும், மொளகா காரத்தைச் சொல்லல, சோடா உப்புல இருக்கற தன்மையைச் சொல்றேன். அதனாலதான் அவங்க ஊர்ல அக்கான்வுன்னு ஒரு கல்லு மாதிரி உப்பை ஒரு சிட்டிகை போடுவாங்க, மேற்குப் பக்கத்து யொருபாக்காரங்க அதைக் காவுன்னு சொல்வாங்க. இங்க நமக்கு ஆப்ப சோடா இருக்கு. ஆனா ரெண்டு விரல்ல எடுக்கற சிட்டிகைக்கு மேல போகாதீங்க, சோப்புத் தண்ணி மாதிரி வாடை வந்துடும். பிஞ்சு வெண்டைக்காயா கெடைச்சா சோடாவே தேவையில்ல, நான் போடறதே இல்ல.

ஏன் அவங்க இழுக்கறதை விரும்பறாங்கன்னு கேட்டீங்கன்னா, இது தனியாக் குடிக்கற சூப்பு கெடையாது. மரவள்ளிக்கிழங்கு மாவுல கிண்டுன கார்ரி, இல்லன்னா இடிச்ச சேனை மாதிரி ஒரு கெழங்கு, இப்படி உருண்டையா எதாச்சும் ஒண்ணோட தொட்டு முழுங்கறது. மெல்லக் கூடாது, முழுங்கணும். இப்ப ஒங்க பாட்டி வீட்டுக் கேவுரு களியை நெனைச்சுப் பாருங்க. எங்க தாத்தா எஸ்டேட்ல இருக்கறப்ப களி உருண்டையைப் பிட்டு, குழி பண்ணி, குழம்பைத் தொட்டு அப்படியே முழுங்குவாரு, மெல்லுனா பல்லுல ஒட்டும்டான்னு சொல்வாரு. அதே சாப்பாட்டு மொறைதான் இது. உருண்டை தொண்டையில வழுக்கிட்டு எறங்கறதுக்குத்தான் அந்தச் சூப்புக்கு வழவழப்பு. அதை எடுத்துட்டா களிக்கு வெறும் ரசம் தொட்ட மாதிரி ஆயிடும். நான் இப்பல்லாம் கேவுரு களியோடதான் இதை வெக்கறேன், எங்க வீட்ல எல்லாருக்கும் அதுதான் புடிக்குது, அந்த அக்காவே சாப்பிட்டுப் பாத்துட்டு அவங்க ஊரு அமாலா மாதிரியே இருக்குன்னு சொன்னாங்க, அது காஞ்ச கெழங்கு மாவுல கிண்டுற கருப்புக் களி.

சரி காய்க்கு வருவோம். பாசார்ல, அதான் சந்தையில, வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடிச்சுப் பாருங்க, கடைக்காரரு மொறைச்சாலும் பரவால்ல, ரெண்டு காயாவது ஒடிக்கணும். டப்புன்னு ஒடைஞ்சா வாங்குங்க, வளைஞ்சு நாரா நின்னா விட்டுடுங்க, முத்துன காயை எவ்ளோ துருவுனாலும் நார்தான் வரும், பல்லுல சிக்கும். விரல் நீளத்துக்கு மேல போகாத காயா, தோல் மேல பூனை முடி மாதிரி லேசா சொரசொரப்பு இருக்கற காயா எடுங்க. நாலஞ்சு பேருக்கு அரை கிலோ தாராளம். வாங்கன அன்னிக்கே கழுவிச் செஞ்சுடுங்க.

பாதியைத் துருவுங்க, மீதியை மெல்லிசா வட்டம் வட்டமா நறுக்குங்க. எல்லாத்தையும் துருவிட்டா கூழா போயிடும், எல்லாத்தையும் நறுக்கினா நூல் பத்தாது. ப்ளெண்டர்ல போடறவங்களும் இருக்காங்க, அவசரத்துக்கு ஓகே, ஆனா வெதையெல்லாம் அரைபட்டு ஒரு மாதிரி மாவா ஆயிடும், எனக்குப் புடிக்கல. வெதை முழுசா பல்லுல நறுக்குன்னு படறதுல ஒரு சொகம் இருக்கு.

அடுத்தது எண்ணெய். இதைப் பத்தி கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், பொறுத்துக்குங்க. அந்த செவப்பு எண்ணெய் பாம் ஆயில்தான், நம்ம செம்பனை. நாம கடையில வாங்கற சமையல் எண்ணெயும் அதே பழத்துல வர்றதுதான், ஆனா சுத்தப்படுத்தி, நெறம் எடுத்து, வாசனை எடுத்து வெச்சது. அவங்க சமைக்கறது பழத்தைப் பிழிஞ்ச எண்ணெய் அப்படியே, காரட்ல இருக்கற அதே கரோட்டின் அதுல இருக்கறதாலதான் ரத்தச் செவப்பா இருக்கு. செம்பனையோட சொந்த ஊரே மேற்கு ஆப்பிரிக்காதான். 1848ல இந்தோனேசியா போகோர் தோட்டத்துக்கு நாலே நாலு கன்னு வந்துச்சு, அந்த வழியா நம்ம மலேசியாவுக்கு மொதல்ல அழகு மரமா வந்து, 1917ல கோல சிலாங்கூர் பக்கம் தென்னமாரம் எஸ்டேட்ல ஒரு ஃப்ரெஞ்சுக்காரரு, ஹென்றி ஃபோக்கோனியேன்னு பேரு, வியாபாரத்துக்காக நட்டாரு. அதுக்கப்புறம் அந்த மரத்தடியில எத்தனை தலைமுறைத் தமிழங்க குலை வெட்டிருக்காங்க, உதிரி பொறுக்கிருக்காங்க. எங்க அப்பா செம்பனைக் காட்டுல குலை வெட்டுனவரு. மில்லு பக்கம் போனா ஒரு வாசனை வரும், கொஞ்சம் கள்ளு மாதிரி கொஞ்சம் காரட் வேகற மாதிரி, அந்த அக்கா மொத தடவ அவங்க எண்ணெய் பாட்டிலைத் தொறந்தப்ப அதே வாசனைதான் வந்துச்சு, எனக்கு அப்பா சட்டை ஞாபகம் வந்துடுச்சு. நாம கை நோவ அறுத்த பழத்தோட உண்மையான ருசியை நம்ம அடுப்புல நாம பாத்ததே இல்லியேன்னு அன்னிக்கு எனக்குத் தோணுச்சு, இப்பவும் தோணுது.

ஆப்பிரிக்க சாமான் விக்கற மளிகைக் கடைல இந்த எண்ணெய் கெடைக்கும், வாங்கும்போது அடியில கொஞ்சம் கட்டியா உறைஞ்சிருந்தா பயப்படாதீங்க, அது அப்படித்தான். சூப்பர்மார்க்கெட்ல விக்கற செவப்பு பாம் ஆயில் நெறம் குடுக்கும், ஆனா வாசனை கம்மி, வேற எண்ணெய் கலந்தும் வரும், வேற வழியில்லன்னா அதைப் போடுங்க. சாதா சமையல் எண்ணெய்ல மஞ்சத்தூள் போட்டு நெறம் வர வெக்கற வேலை மட்டும் வேணாம், ருசி வேற எங்கியோ போயிடும். அரை கிலோ காய்க்கு நான் ஆறு மேசைக்கரண்டி ஊத்துவேன். அவங்க ஊர்ல இன்னும் தாராளமா ஊத்துவாங்க.

எறாலுக்கு வருவோம். அவங்க க்ரேஃபிஷ்னு சொல்றது காஞ்ச சின்ன எறாலைப் பொடி பண்ணது. நமக்கு உடாங் கெரிங்ங்கற காஞ்ச எறால் இருக்கவே இருக்கு. வெறும் சட்டியில லேசா வறுத்து, ஆறுனதும் பொடி பண்ணிக்குங்க, குவிச்சு ரெண்டு மேசைக்கரண்டி. நம்ம உடாங் கெரிங்ல உப்பு அதிகம், அதனால சூப்புக்கு உப்பைக் கடைசில பாத்துப் போடுங்க, இந்த எடத்துலதான் பல பேரு கோட்டை விடறாங்க, கறி வேகும்போதே முழு உப்பையும் போட்டு, மேகி க்யூப் போட்டு, எறாலும் போட்டு, அப்புறம் கருவாடும் போட்டா வாயில வெக்க முடியாது.

மீன்ல ரெண்டு வகை போடுவாங்க. ஒண்ணு ஸ்டாக்ஃபிஷ், அது நார்வேல காட் மீனை உப்பே இல்லாம குளிர் காத்துல கட்டை மாதிரி காய வெக்கறது. 1967லிருந்து 1970 வரைக்கும் இக்போக்காரங்க பியாஃப்ரான்னு தனி நாடு கேட்டுப் போர் நடந்தப்ப நிவாரணச் சாப்பாடா நெறைய அங்க போச்சு, இக்போ வீடுங்கள்ல அந்த மீனுக்கு தனி மரியாதை. இங்க அதைத் தேடி அலைய வேணாம். ரெண்டாவது பொகையில வாட்டுன கெளுத்தி மீன், இதுதான் முக்கியம், இதுக்கு நம்ம நாட்லயே அச்சு அசலா ஒண்ணு இருக்கு, ஈக்கான் சாலாய். மலாய்க்காரங்க சிலி பாடிங்கற சின்னக் கார மொளகா போட்டு தேங்காப்பால்ல மாசாக் லெமாக் வெப்பாங்களே அந்தப் பொகை மீன், கேலிங்கற கெளுத்தி மீன் சாலாயே கெடைக்கும். நான் சௌக்கிட் பாசார்ல வாங்குவேன். அந்த அக்கா மொதல்ல அதை மோந்து பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல, மூணு மீனு வாங்கிட்டாங்க. ஒரு மீனை சுடுதண்ணில பத்து நிமிஷம் ஊற வெச்சு, முள்ளு எடுத்து, பெரிய துண்டா பிச்சு வெச்சுக்குங்க. நம்ம உப்புக் கருவாடு போட்டா வேற ருசி, போடணும்னு ஆசைப்பட்டா ரெண்டு தடவ தண்ணி மாத்தி ஊற வெச்சுட்டுப் போடுங்க.

இன்னொரு சாமான் இருக்கு, ஈரூன்னு யொருபாக்காரங்க சொல்றது. ஒரு மரத்து வெதையை வேக வெச்சு புளிக்க வெச்சது, மோந்தா தூக்கிப் போட்டுடும், ஆனா சூப்புக்குள்ள போனா அடி ருசியே அதுதான். அந்த மரமும், நாம வெதையைத் திங்கற நம்ம பெத்தாய் மரமும் சொந்தக்காரங்க, பார்க்கியாங்கற ஒரே வம்சத்துல பொறந்ததுங்க. அதுக்காக பெத்தாயைப் போட்டுடாதீங்க, புளிக்க வெக்காத பெத்தாய் அந்த வேலையைச் செய்யாது. இக்போக்காரங்க ஒகிரின்னு வேற ஒண்ணு போடுவாங்க, இல்லாமயும் செய்வாங்க. ஈரூ கெடைக்கலன்னா நகக்கண் அளவு பெலாச்சானை, எறாலைப் புளிக்க வெச்ச விழுது அது, நெருப்புல வாட்டிப் போடுங்க, ருசி வேறதான் ஆனா அந்த ஆழம் கொஞ்சம் கெடைக்கும். தாவ்ச்சு, அதான் புளிக்க வெச்ச சோயா, போடலாமான்னு சில பேரு கேப்பாங்க, நான் போட்டுப் பாத்துட்டேன், சீனக்கடைச் சமையல் வாசனை வந்துடுது, வேணாம்.

காரத்துக்கு அவங்க போடறது குண்டா லாந்தர் மாதிரி இருக்கற மொளகா, ஸ்காட்ச் பானட்னு சொல்வாங்க, அதுல காரத்தோட பழவாசனையும் வரும். நம்ம சிலி பாடிக்குக் காரம் இருக்கு, அந்த வாசனை இல்ல. நான் அஞ்சாறு சிலி பாடியோட ரெண்டு செவப்பு மொளகா சேத்து இடிப்பேன், செவப்பு மொளகாயில இருக்கற இனிப்பு அந்தக் கொறையைக் கொஞ்சம் அடைக்கும். சில சூப்பர்மார்க்கெட்ல ஹபனேரோ வரும், அதுவும் ஸ்காட்ச் பானட்டும் ஒரே எனம், பாத்தா விடாதீங்க, ஒண்ணு ரெண்டு போதும். அம்மியிலயோ லெசுங்ங்கற கல்லுரல்லயோ இடிங்க, மையா அரைக்க வேணாம்.

கீரைக்கு அவங்க ஊகுன்னு ஒரு பூசணி வகைக் கொடியோட எலை போடுவாங்க. நமக்குப் பாசார்ல பூச்சோக் லாபு, பூசணிக் கொழுந்துக் கீரை, நாரை உரிச்சுட்டுப் பொடியா அரிஞ்சு ரெண்டு கைப்பிடி. பசலைக்கீரை தண்ணி விடும், அதைப் போடறதா இருந்தா தனியா ஒரு கொதி விட்டுப் பிழிஞ்சுட்டுப் போடுங்க.

இப்ப அடுப்பை மூட்டலாம். ஆட்டுக்கறி அரை கிலோ, எலும்போட, அங்கயும் ஆட்டுக்கறி ரொம்ப இஷ்டம். ஒரு வெங்காயம், கொஞ்சூண்டு உப்பு, இடிச்ச மொளகாயில பாதி, ஒரு மேகி க்யூப், கறி முழுகற அளவுக்கு தண்ணி. மேகி க்யூப்பைப் பாத்து மொகம் சுழிக்காதீங்க, நைஜீரியா வீடுங்கள்ல அது நம்ம வீட்டுப் பெருங்காயம் மாதிரி. இஞ்சி பூண்டு, மசாலாத்தூள், சோம்பு, பட்டை ஒண்ணும் வேணாம். கை தானா மசாலா டப்பாவுக்குப் போகும், எனக்கும் போகும், அடக்கிக்குங்க, இது கறிக்குழம்பா மாறுறதே அங்கதான். குக்கர்னா அஞ்சாறு விசில், சட்டின்னா ஒரு மணி நேரம். வெந்ததும் சாறு ரெண்டு ரெண்டரை கப்பு இருக்கணும், அதிகமா இருந்தா தெறந்து வெச்சு வத்த விடுங்க. தண்ணி அதிகமா இருந்தா எவ்ளோ வெண்டைக்காய் போட்டாலும் நூல் வராது.

வேற அடிகனமான சட்டியில, இரும்புச் சட்டி வேணாம் வெண்டைக்காய் கறுத்துடும், செவப்பு எண்ணெயை ஊத்தி மிதமா சூடு பண்ணுங்க. பொகை வர விடாதீங்க. நறுக்குன ஒரு வெங்காயம், மீதி மொளகா விழுது, பெலாச்சான், எறால் பொடியில பாதி. மூணு நிமிஷம் வதங்கட்டும், வீடு முழுக்க வாசனை தூக்கும், ஜன்னலைத் தெறந்து வெச்சுக்குங்க. கறியும் சாறும் ஊத்தி, பொகை மீன் போட்டு, பத்து நிமிஷம் நல்லாக் கொதிக்கட்டும். இந்த எடத்துல நிறுத்தி ருசி பாருங்க. உப்பு, காரம் எல்லாத்தையும் இப்பவே சரி பண்ணிடணும், ஏன்னா இதுக்கப்புறம் நேரம் கெடையாது.

இப்ப வெண்டைக்காய். மொதல்ல நறுக்குனதைப் போட்டு ரெண்டு நிமிஷம், அப்புறம் துருவுனது முழுசும். தீயைக் கொறைச்சு, கரண்டியால நல்லாச் சுத்தி அடிச்சுக் கிளறுங்க, கிளறக் கிளற இழுக்க ஆரம்பிக்கும். பொரியலுக்குக் கிளறாதே கொழகொழத்துடும்னு அம்மா சொல்வாங்களே, அதுக்கு நேர் எதிர் வேலை. மூடி போடவே கூடாது. மூடுனா பச்சை நெறம் போய் காக்கிக் கலராயிடும். துருவுனது போட்டதுலருந்து அஞ்சு நிமிஷம், மிஞ்சிப் போனா ஏழு நிமிஷம், அதுக்குள்ள கீரையையும் மீதி எறால் பொடியையும் போட்டு ரெண்டு கிளறு கிளறி அடுப்பை அணைச்சுடுங்க. காய் இன்னும் பளிச்சுன்னு பச்சையா இருக்கணும், வெதை கடிபடணும், செவப்பு எண்ணெய் ஓரத்துல வளையம் கட்டி நிக்கணும். கரண்டியைத் தூக்கிப் பாருங்க, ஒடையாம ஒரு ஜாண் தொங்குனா பாஸு.

மொத மொதல்ல நான் தனியா செஞ்சப்ப எல்லாம் சரியா வந்துச்சு, கடைசில ருசி பாத்துட்டு எதோ கொறையுதேன்னு பழக்க தோஷத்துல அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சுட்டேன். கண்ணு முன்னாடியே நூல் அறுந்து தண்ணியா போச்சு. அந்த அக்கா எட்டிப் பாத்துட்டு, "புளிப்பு உங்க நாக்கு கேக்குது, சூப் கேக்கல"ன்னு சொன்னாங்க. கொறையறது புளிப்புன்னு நமக்குத் தோணும்போது உண்மையில கொறையறது பெரும்பாலும் எறால் பொடிதான். இன்னும் அரைக்கரண்டி போட்டுப் பாருங்க, சரியாகும்.

தொட்டுக்க கார்ரி கெடைச்சா ரொம்ப சுலபம், அது ஏற்கெனவே புளிக்க வெச்சு வறுத்த மரவள்ளித் தூளு. கொதிக்கற தண்ணியில தூவி, ஒரு நிமிஷம் மூடி வெச்சு, மரக்கரண்டியால கிண்டுனா உருண்டையா வந்துடும். பாசார்ல வாங்கற பச்சை மரவள்ளியைத் துருவி நீங்களா கார்ரி பண்ணிப் பாக்காதீங்க, மரவள்ளியில விஷச்சத்து இருக்கு, புளிக்க வெச்சுப் பிழிஞ்சு வறுக்கற அந்த வேலை எல்லாம் அதைப் போக்கத்தான். கார்ரி இல்லன்னா கேவுரு களி. ரெண்டரை கப்பு தண்ணி கொதிக்கும்போது ஒரு கப்பு மாவைக் கொட்டி, கிளறாம மூடி சின்னத் தீயில அஞ்சு நிமிஷம் வேக விட்டு, அப்புறம் கட்டையால கட்டி இல்லாம கிண்டுங்க. கை ஈரம் பண்ணிக்கிட்டு உருட்டுங்க. சோத்துல ஊத்தியும் சாப்பிடலாம், தப்பில்ல, ஆனா களியோட ஒரு தடவ சாப்பிட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

சாப்பிடற மொறையும் சொல்லிடறேன், பசங்க சட்டையெல்லாம் நூலாக்கிக்கும். எலுமிச்சை அளவு பிட்டு, கட்டைவிரலால குழி பண்ணி, சூப்பை அள்ளி, தட்டு ஓரத்துல கையை ஒரு சுத்து சுத்துங்க, நூல் அங்க அறுந்துடும். அதுக்கப்புறம் வாய்க்குக் கொண்டு போங்க. அந்த அக்கா வீட்டு மூணு வயசுப் பையன் இதை அவ்ளோ அழகா செய்வான்.

சைவம் சாப்பிடற நாளுக்கு செய்ய முடியுமான்னு கேப்பீங்க. செய்யலாம், ஆனா மீனும் எறாலும் போனா ருசியோட முதுகெலும்பு போயிடும், அதை எதாச்சும் ஒண்ணால நிரப்பணும். காஞ்ச சீனக் காளானை ஊற வெச்ச தண்ணியையே சாறா வெச்சு, காளானையும் சிப்பிக் காளானையும் செவப்பு எண்ணெய்ல நல்லா மொறுக வதக்கிப் போடறேன் நானு, பெலாச்சானுக்குப் பதிலா ஈரூ போட்டா நல்லா வரும், அது வெறும் வெதைதான்.

ஒங்க ஆபிஸ் பொண்ணு எந்தப் பக்கத்து ஆளுன்னு கேட்டுக்குங்க, ஏன்னா ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு மாதிரி. யொருபா வீடுங்கள்ல சில சமயம் வெண்டைக்காயை மட்டும் ஈரூ போட்டுத் தனியா வெச்சு, காரமான மொளகாக் குழம்பைத் தனியா வெச்சு, தட்டுல ரெண்டையும் சேத்து ஊத்துவாங்க, அதுல தக்காளி வரும், ஆனா தக்காளி அந்தக் குழம்புல மட்டும்தான், வெண்டைக்காய் கூட வேகாது. வடக்குல ஹௌசாக்காரங்க காஞ்ச வெண்டைக்காய்ப் பொடியிலயே செய்வாங்க. கானாவுல கத்திரிக்காயும் சேத்து, புளிக்க வெச்ச மக்காச்சோள மாவுல கிண்டுன பாங்குவோட சாப்பிடுவாங்க. நான் சொன்னது கெழக்குப் பக்கத்து இக்போ வீட்டு மொறை. ஓக்ராங்கற இங்கிலீஷ் பேரே இக்போக்காரங்க ஒக்வுருன்னு சொல்றதுலருந்து வந்ததுதான்.

கடைசியா, மிச்சம் ஆச்சுன்னா. ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் நிக்கும், ஆனா மறுநாள் சூடு பண்ணும்போது நூல் பாதியாயிடும், நெறமும் மங்கிடும். அதனால நான் ரெண்டு நாளைக்குச் சேத்து செய்யறதா இருந்தா கறியும் எண்ணெயும் மீனும் சேந்த அந்தக் கொதியை மட்டும் மொத்தமா செஞ்சு பாதியை எடுத்து ஃப்ரீசர்ல வெச்சுடுவேன், வேணுங்கறப்ப சூடு பண்ணி, புதுசா கால் கிலோ வெண்டைக்காய் துருவிப் போட்டா ஏழு நிமிஷத்துல ரெடி. இந்த வாரம் செஞ்சு பாத்துட்டு நூல் எவ்ளோ தூரம் வந்துச்சுன்னு சொல்லுங்க, வரலன்னா சாறு எவ்ளோ ஊத்துனீங்கன்னும் எத்தனை நிமிஷம் வெச்சீங்கன்னும் சேத்து எழுதுங்க, எங்க போச்சுன்னு பாத்துடலாம்.